பனிமலை நாட்டுப் பெருந்தெருவும் வழி மாறிய ஆறும்

வீதிகள் பெரும்பாலும் மனிதரின் காலடியிலே பிறப்பவை. ஊரிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து துறைமுகத்துக்கும் மக்கள் நடந்து நடந்து, ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாகி, வண்டிப் பாதை தார் வீதியாகின்றது. வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலே ஏறக்குறைய 2,230 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அலாஸ்காப் பெருந்தெருவோ அவ்வாறு பிறந்ததன்று. அது போரின் அவசரத்திலே பிறந்தது. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலுள்ள டோசன் கிறீக் என்னும் சிற்றூரில் தொடங்கி, யூக்கொன் பிரதேசத்தை ஊடறுத்துச் சென்று, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலுள்ள டெல்டா ஜங்ஷன் என்னும் ஊரில் அது முடிகின்றது. இடையிலே காடு, மலை, ஏரி, ஆறு, மீண்டும் காடு. மனிதர் குடியிருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில், கனடாவின் எட்மன்ரன் நகரில் வாழும் எம் தம்பியின் குடும்பத்தினரோடு இப்பெருந்தெரு வழியே காரிற் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. புவியியற் பாடத்திலே பனிக்கட்டியாறுகளைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்து விளக்கியிருக்கிறோம். அவற்றை நேரிற் காணவேண்டுமென்பது எமது நெடுநாள் ஆசை. கண்டோம். கண்டதில் மகிழ்ச்சியும் உண்டு. மனத்தை உறுத்துவதும் உண்டு. இரண்டையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளுதல் முறையன்றோ?

போர் தந்த வீதி

டோசன் கிறீக்கின் நடுவே ஒரு கம்பம் நிற்கின்றது. பெருந்தெருவின் மைற்கணக்குத் தொடங்கும் இடம் அதுவே. அங்கு நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் எவரும் வடக்கே புறப்படுவதில்லை.

அலாஸ்கா 1867ஆம் ஆண்டில் ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டொலருக்கு அமெரிக்கா வாங்கிய நிலம். ஆயினும் முக்கால் நூற்றாண்டு கழிந்தும் தரைவழியாக அதனை அடைய வீதி இருக்கவில்லை. 1941 டிசம்பர் 7ஆம் திகதி யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் நிலைமை மாறிற்று. கடல்வழியைப் பகைவர் மறித்தால் அலாஸ்கா தனித்துவிடுமே என்ற அச்சம் எழுந்தது. 1942 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பொறியியற் படையினர் வேலையைத் தொடங்கினர். அவ்வாண்டு யூனில் யப்பானியர் அலாஸ்காவைச் சேர்ந்த அட்டு, கிஸ்கா என்னும் இரு தீவுகளைக் கைப்பற்றவே, அவசரம் இருமடங்காயிற்று. தெற்கிலிருந்து வந்தோரும் வடக்கிலிருந்து வந்தோரும் ஒக்டோபர் மாதத்திலே காட்டின் நடுவே ஒருவரையொருவர் சந்தித்தனர். நவம்பர் 20ஆம் திகதி குளுவானி ஏரிக்கு மேலுள்ள மேட்டிலே நாடா வெட்டி வீதி திறக்கப்பட்டது. ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. அன்று அதன் நீளம் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். பின்வந்த காலத்தில் வளைவுகளை நேராக்கியதனாலேயே அது குறுகியது.

இவ்வேலையில் ஈடுபட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படைவீரருள் மூன்றிலொரு பங்கினர் கறுப்பின மக்கள். அக்காலத்து அமெரிக்கப் படையிலே வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அணியிற் சேர்க்கப்படுவதில்லை. தென் மாநிலங்களின் வெப்பத்திலே வளர்ந்த அவ்விளைஞர்கள், போதிய இயந்திரங்களும் கொடுபடாத நிலையில், கோடரியையும் கைவாளையும் கொண்டு மரம் வீழ்த்திப் பாதை வகுத்தனர். கூடாரங்களிலே உறைகுளிரைத் தாங்கினர். இவர்களாற் கடினமான வேலை ஆகாது என்று கருதிய மேலதிகாரிகளும் இருந்தனர். அக்கருத்துக்குச் சிக்கானி சீவ் ஆற்றின்மீது விடை எழுதப்பட்டது. அங்கே கறுப்பினப் படையணியொன்று 84 மணித்தியாலங்களிலே மரப்பாலம் ஒன்றைக் கட்டி முடித்தது. ஒக்டோபரில் இரு திசை வேலையும் ஒன்றிய வேளையில் முதலிற் கைகுலுக்கியோர் றிஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்பினத்தவரும் அல்பிறட் யலூவ்கா என்ற வெள்ளையருமே. படையிலே இன வேற்றுமையை ஒழிக்கும் ஆணை 1948இல் பிறந்தது. இப்பெருந்தெரு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் அதே ஆண்டிலேயே.

வீதியோரத்து உயிர்கள்

போட் நெல்சன் என்னும் ஊரைத் தாண்டியதும் மலைத்தொடர் எதிர்ப்படுகின்றது. 2024 மே மாதத்திலே காட்டுத்தீக்கு அஞ்சி இவ்வூர் மக்கள் யாவரும் வெளியேற்றப்பட்டனர். எரிந்த மரங்கள் கரிக்கோல்களாக நிற்கும் சரிவுகளில், இடுப்பளவு உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூக்கள் பாயாக விரிந்திருந்தன. தீப்பூண்டு என்று பொருள்படும் பெயரால் அங்குள்ளோர் இதனை அழைப்பர். எரிந்த மண்ணிலே முதலில் முளைப்பது இதுவே. யூக்கொன் பிரதேசத்தின் அடையாளப் பூவும் இதுவே. இதன் பூங்கொத்து அடியிலிருந்து நுனி நோக்கிப் படிப்படியாக மலரும். நுனிமொட்டும் மலர்ந்துவிட்டால் கோடை முடிந்ததென்று அலாஸ்கா மக்கள் கணக்கிடுவர். நாம் சென்றபோது நுனியில் இன்னும் சில மொட்டுக்கள் எஞ்சியிருந்தன.

மஞ்சோ ஏரியின் நிறம் பச்சையா நீலமா என்று தம்பியின் பிள்ளைகளிடையே வழக்கு மூண்டது. எட்டாம் வகுப்பிற் படிக்கும் மூத்தவன், “பெரியப்பா, இது சாயம் கலந்த தண்ணி மாதிரி இருக்கே!” என்றான். சாயமன்று. மலைப்பாறைகள் அரைபட்டு உண்டாகும் மாவைப்போன்ற நுண்துகள் நீரிலே மிதந்து, சூரிய ஒளியிற் பச்சையையும் நீலத்தையும் சிதறடித்துக் காட்டுகின்றது. மலைநாட்டு ஏரிகள் பலவற்றின் அழகு இப்பாறைமாவினால் வந்ததே.

அடுத்து வருவது லியாட் வெந்நீரூற்று. காட்டுச் சேற்றின்மீது அமைத்த பலகைப் பாதையில் நடந்து சென்றால், நீராவி எழும் தடாகத்தை அடையலாம். ஊற்று வாயில் நீரின் வெப்பம் 50 பாகை செல்சியசை அண்மிக்கும். திருகோணமலையிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலே வாளியால் அள்ளிக் குளித்த எமக்கு, அதே வெந்நீரிலே கழுத்தளவு அமிழ்ந்திருப்பது புதுமையாயிற்று.

லியாட்டை விட்டகன்ற சிறிது நேரத்திலே தம்பி காரை நிறுத்திவிட்டார். வீதியின் நடுவே காட்டெருமைக் கூட்டமொன்று அசையாது நின்றது. பைசன் என்னும் இவ்வினத்து ஆண் விலங்கு 900 கிலோகிராம் வரை நிறையுள்ளதாம். தோளிலே திமில், முகத்திலே தாடி. எமது காரை ஒரு பொருட்டாகவே அவை மதிக்கவில்லை. இக்காட்டெருமை இனம் அழிந்தே போயிற்று என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்டது. 1957இல் தொலைக்காடு ஒன்றிலே சிறு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைப் பெருக்கி, 1990களிலே இப்பகுதியிலும் விட்டனர். வீதியோரத்தில் மரங்களை வெட்டி வெளியாக்கிய நிலத்திலே புல் செழிப்பதால், அவை வீதியை விட்டு அகல்வதில்லை. கால்மணி நேரம் காத்திருந்த பின்னரே எமக்கு வழி கிடைத்தது. உரிமை அவற்றினுடையது, விருந்தாளிகள் நாமே.

கரடிகளையும் கண்டோம். ஓகஸ்டிலே சிவந்த காட்டுப் பழங்கள் கனிகின்றன. மாரி முழுவதும் உண்ணாது குகையிலே உறங்கவேண்டிய கரடி, இச்சில வாரங்களுக்குள் உடலிலே கொழுப்பைச் சேர்த்தாகவேண்டும். ஆதலால் அது தலைநிமிராமற் பழம் பறித்துக்கொண்டிருந்தது. காரை விட்டு இறங்கலாகாது, உணவு எதனையும் வெளியே விடலாகாது என்பன அங்கே கண்டிப்பான விதிகள். மனிதரின் உணவைச் சுவைத்துப் பழகிய கரடி மீண்டும் மீண்டும் குடியிருப்புக்களை நாடி வரும். ஈற்றிலே அதனைச் சுட்டுவிடுகின்றனர். குப்பைத் தொட்டிகளுக்குக்கூடக் கரடி திறக்க முடியாத பூட்டு அமைத்திருக்கின்றார்கள். பெரிய விலங்குகளிடமிருந்து தப்பலாம். நுளம்பிடமிருந்து தப்புவதே அரிது என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுதல் நன்று.

வற்சன் லேக் என்னுமிடத்திலே மரங்களுக்குப் பதிலாக ஊர்ப்பெயர்ப் பலகைகள் காடாக நிற்கின்றன. 1942இல் வீதி வேலைக்கு வந்த கார்ல் லின்ட்லி என்ற வீரர், ஊர் நினைவு வாட்ட, தம் ஊராகிய டான்வில்லின் பெயரையும் அதற்குள்ள தொலைவையும் பலகையில் எழுதி நாட்டினார். பின்வந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பலகையைச் சேர்த்துவர, இன்று அவை பல பத்தாயிரமாகிவிட்டன. புலம்பெயர்ந்து வாழும் எம் தம்பி அவ்விடத்தில் நெடுநேரம் பேசாது நின்றார்.

சமன் மீனின் ஏணி

யூக்கொன் பிரதேசம் பரப்பிலே இலங்கையைப்போல் ஏழு மடங்குக்கு மேற்பட்டது. அங்கு வாழும் மக்களோ ஏறத்தாழ 45,000 பேரே. அவர்களுள் மிகப் பலர் தலைநகராகிய வைற்ஹோசில் வாழ்கின்றனர். யூன் மாதக் கடைசியிலே அங்கு பகல் 19 மணி நேரம் நீடிக்கும். நாம் சென்ற ஓகஸ்டிலும் இரவு பத்து மணிக்கு வெளியே நின்று புத்தகம் வாசிக்கலாம்.

நகரை ஒட்டி ஓடுவது யூக்கொன் ஆறு. எமது கடைகளிலே ரின்னில் அடைத்த மீனுக்குச் சமன் என்று பெயர் வழங்குகின்றோம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீனே. உண்மைச் சமன் இவ்வடநாட்டு ஆறுகளின் செல்வம். சினூக் என்னும் பெருஞ்சமன், ஆற்றின் மேற்பகுதியிலே பிறந்து, கடலிற் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே மீள்கின்றது. பேரிங் கடலிலிருந்து வைற்ஹோஸ் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர், அத்தனையும் எதிர்நீச்சல். வழியிலே அது எதனையும் உண்பதில்லை. முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றது.

இங்கு மின்சாரத்துக்காக அணை கட்டியபோது மீனின் வழி அடைபட்டது. ஆகவே 1959இல், 366 மீற்றர் நீளமுள்ள மரத்தொட்டிகளைப் படிப்படியாக அமைத்து, மீன் ஏறுவதற்கு ஏணியொன்று கட்டினர். அவ்வேணியின் பக்கத்திலே கண்ணாடிப் பலகணி வழியாக வருவோர் மீனைப் பார்க்கலாம். நாமும் நின்றோம். நெடுநேரம் வெறும் நீரே ஓடிற்று. அண்மைக் காலத்திலே இம்மீனின் தொகை மிகவும் குறைந்துவிட்டது. 2024ஆம் ஆண்டிலே அமெரிக்காவும் கனடாவும் உடன்பாடு செய்து, யூக்கொன் ஆற்றிலே சினூக் பிடிப்பதை ஏழாண்டுக்கு நிறுத்திவைத்திருக்கின்றன. ஏழாண்டு என்பது இம்மீனின் முழு வாழ்நாட் சுற்று. ஆற்றோரப் பழங்குடி மக்களுக்கு இம்மீன் வெறும் உணவன்று; பிள்ளைகளுக்கு வலை கட்டவும் மீன் உலர்த்தவும் கற்றுக்கொடுக்கும் கோடைப் பள்ளிக்கூடமும் அதுவே. ஏழாண்டு மூடிய பள்ளியிலே ஒரு தலைமுறை பாடம் இழக்கும் என்பது அவர்களின் கவலை.

வழி மாறிய ஆறு

வைற்ஹோசுக்கு மேற்கே குளுவானி தேசியப் பூங்கா விரிகின்றது. அதன் பரப்பு 22,000 சதுர கிலோமீற்றர், இலங்கையிலே மூன்றிலொன்று. கனடாவின் உயர்ந்த சிகரமாகிய லோகன் மலை (5,959 மீற்றர்) இதனுள்ளேயே நிற்கின்றது. துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகிலுள்ள மிகப் பெரிய பனிக்கட்டி வெளிகளுள் ஒன்று இங்குள்ளது. 1979இல் இது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. எனினும் பெருந்தெருவிற் செல்வோர் முன்வரிசை மலைகளை மட்டுமே காண்பர்.

பனிக்கட்டியாறு என்பது யாது? மலையுச்சியிற் பெய்யும் பனி, கோடையிலும் முற்றாக உருகாது எஞ்சி, ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகச் சேர்கின்றது. மேலடுக்கின் பாரத்தால் கீழடுக்கு இறுகிக் கட்டியாகின்றது. அக்கட்டி தன் நிறையினாலேயே பள்ளத்தாக்கு வழியே மெல்ல மெல்ல நகர்கின்றது. மேலே சேர்வது மிகுந்தால் அது முன்னேறும். கீழே உருகுவது மிகுந்தால் பின்வாங்கும். அதன் வரவுசெலவுக் கணக்கு அவ்வளவே. மாணவர்கள் இதனை மனத்திற் கொண்டால் இனி வருவது எளிதில் விளங்கும்.

காஸ்காவுல்ஸ் என்னும் பெரிய பனிக்கட்டியாற்றின் முனை ஒரு நீர்ப்பிரிமேட்டிலே கிடந்தது. அதிலிருந்து உருகிய நீர் இரு கூறாகப் பிரிந்தது. ஒரு கூறு தெற்கே சென்று அல்செக் ஆற்றோடு பசிபிக் சமுத்திரத்தின் அலாஸ்கா வளைகுடாவை அடைந்தது. மற்றைக் கூறு சிலிம்ஸ் ஆறு என்ற பெயருடன் வடக்கே ஓடிக் குளுவானி ஏரியிற் புகுந்து, அங்கிருந்து யூக்கொன் ஆற்றின்வழி பேரிங் கடலை அடைந்தது. அப்பகுதியின் தென் டச்சோன் மக்கள் இவ்வாற்றை ஆய் சூ என்பர். அகன்ற இடங்களிலே அதன் அகலம் 150 மீற்றர்.

வெப்பம் மிகுந்து காஸ்காவுல்ஸ் பின்வாங்கத் தொடங்கிற்று. 1956க்கும் 2007க்கும் இடையிலே அதன் முனை 600 மீற்றருக்குக் குறையாமற் பின்சென்றது. 2016 மே மாதக் கடைசியிலே, உருகிய நீர் பனிக்கட்டியை அறுத்து ஆழமான புதிய கால்வாய் ஒன்றைத் திறந்தது. வடக்கே போகவேண்டிய நீரும் தெற்கே திரும்பிவிட்டது. மே 26 முதல் 29 வரை, நான்கே நாட்களிலே, சிலிம்ஸ் ஆற்றின் ஓட்டம் சடுதியாக வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஆற்றை ஆராய வந்த அறிவியலாளர், அளப்பதற்கு ஆறே இல்லாமை கண்டு திகைத்தனர். ஓர் ஆறு மற்றோர் ஆற்றின் நீரைக் கவர்ந்துகொள்வதை ஆற்றுச் சிறைகொள்ளல் எனப் புவியியல் கூறும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளிலே நிகழ்வதென நாம் வகுப்பிற் கற்பிக்கும் அது, மனிதர் பார்த்திருக்கையிலே நான்கு நாளில் நிகழ்ந்துவிட்டது.

பெருந்தெரு இவ்வாற்றைக் கடக்கும் பாலத்தின் ஓரத்தே நாம் இறங்கி நின்றோம். நீண்ட பாலம். கீழே மலைப்பக்கத்து ஓடைகள் கொணரும் சிறு நீர் மட்டும் கோடிட்டாற்போல் ஓடிற்று. எஞ்சிய பள்ளத்தாக்கு முழுவதும் சாம்பல் நிற மணல். மாலைக் காற்று எழுந்தது. ஒருகாலத்தில் ஏரிக்கு நீல நிறம் கொடுத்த அந்தப் பாறைமாவு, இப்போது புழுதி மேகமாக எழுந்து மலையை மறைத்தது. “ஆறு செத்துப்போச்சா, பெரியப்பா?” என்று கேட்டான் தம்பி மகன். சாகவில்லை, வேறு வழியாற் போகின்றது என்றோம். “அப்ப இந்த ஏரிக்கு ஆர் தண்ணி குடுக்கிறது?” என்றான். எமக்கு உடனே விடை வரவில்லை.

கேள்வி நியாயமானதே. குளுவானி ஏரி 400 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. யூக்கொன் பிரதேசத்துக்குள் முழுமையாக அடங்கும் ஏரிகளுள் மிகப் பெரியது. ஆறு திரும்பியபின் அதன் நீர்மட்டம் ஒரு மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. கரையோரத்து ஊர்களின் படகுத்துறைகளுக்கும் மீன்பிடிப்புக்கும் அதனால் இடர் நேர்ந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து, கிணற்று நீரையே நம்பி வளர்ந்தவர் நாம். நீர் போனபின் ஊர் என்னாகும் என்பதை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இதிலே நடுநிலையோடு சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. ஏறக்குறைய 300, 400 ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வேரியின் நீர் தெற்கு நோக்கியே வடிந்தது. அக்காலத்துக் குளிரிலே காஸ்காவுல்ஸ் முன்னேறி அவ்வழியை அடைக்க, ஏரி பெருகி வடக்கே புதுவழி கண்டது. ஆகவே இயற்கை முன்னரும் வழி மாறியதுண்டு. ஆனால், இம்முறை பனிக்கட்டி பின்வாங்கிய அளவு, மனிதரால் விளைந்த வெப்பமேற்றம் இன்றி நிகழ்ந்திருப்பது மிக அரிது என்பதே ஆராய்ந்தோர் 2017இல் வெளியிட்ட முடிவு.

பாலத்துக்கு அப்பால் செம்மறி மலை. பாறைச் சரிவிலே வெள்ளை மலைச் செம்மறிகள் வாழ்கின்றன. தொலைநோக்கியிலே உச்சிக்கு அண்மையில் ஏழெட்டு வெண்புள்ளிகள் தெரிந்தன. இவ்விலங்குகளைக் காக்கவென்று 1943இல் இப்பகுதி சரணாலயமாக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக இங்கு வேட்டையாடி வாழ்ந்த தென் டச்சோன் மக்களுக்கே வேட்டை தடுக்கப்பட்டது. வீதி வேலையோடு வந்த தொற்றுநோய்களும் அவ்வட்டாரப் பழங்குடிகளை வாட்டின. 1993இலும் 2003இலும் செய்த உடன்படிக்கைகளின் பின்னரே, பூங்காவை நிருவகிப்பதில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. காடு காக்கப்படவேண்டும், காட்டோடு வாழ்ந்தவரை வெளியே தள்ளிவிட்டுக் காத்தல் முறையாகாது.

இளகும் நிலம்

குளுவானி ஏரியை விட்டு அலாஸ்கா எல்லைக்குப் போகும் வழியிலே கார் கடலிற் செல்லும் தோணிபோல் எழுந்தும் தாழ்ந்தும் சென்றது. வீதி வேலையின் குறையன்று அது. நிலத்தின் கீழே ஆண்டு முழுவதும் உருகாத உறைமண் படிந்துள்ளது. மேலேயுள்ள பாசியும் மரமும் அதற்குப் போர்வை. 1942இல் இயந்திரங்கள் அப்போர்வையை உரித்தபோது, மண் இளகிச் சேறாகி, வண்டிகளே அமிழ்ந்தன. ஆகையால் மரங்களை வெட்டி வரிசையாகக் குறுக்கே அடுக்கி, அவற்றின்மேல் மண் பரப்பி வீதி அமைத்தனர். இன்றோ வெப்பமேற்றத்தினால் அவ்வுறைமண் மேலும் இளகுகின்றது. வீதியை எவ்வாறு நிலைநிறுத்தலாம் என்று 2008 முதல் பீவர் கிறீக் என்னுமிடத்திலே பலவகைச் சோதனைகள் நடந்துள்ளன. குளிர்காற்று உட்புகும்படி கற்களை அடுக்குதல், வெயிலைத் திருப்பிவிடும் வெளிர்நிற மேற்பரப்பு இடுதல் முதலியன அவற்றுட் சில.

ஆண்டுகள் எழுதிய பலகைகள்

எல்லைச் சாவடியிலே கடவுச்சீட்டுக்களைக் காட்டி அலாஸ்காவுக்குட் புகுந்தோம். ரொக் என்னும் ஊரிலே பெருந்தெருவை விட்டுப் பிரிந்து அங்கரேஜ் நகரை நோக்கித் திரும்பினோம். வழியிலே மற்றானுஸ்கா பனிக்கட்டியாறு, மலையிடுக்கிலிருந்து விரித்த வெள்ளைத் துணிபோல் இறங்கி வருவதைக் கண்டபோது, கரும்பலகையில் வரைந்த படம் உயிர்பெற்று நின்றதாகவே தோன்றிற்று.

அங்கரேஜுக்குத் தெற்கே, போட்டேஜ் பனிக்கட்டியாற்றைப் பார்ப்பதற்கென்றே 1986இல் ஒரு பார்வையாளர் நிலையம் திறக்கப்பட்டது. பெரிய கண்ணாடிச் சாளரங்கள் ஏரியை நோக்கி அமைந்துள்ளன. அச்சாளரங்களின் வழியே இன்று ஏரி தெரிகின்றது, பனிக்கட்டியாறு தெரியவில்லை. அது மலைமுடுக்குக்குள் பின்சென்றுவிட்டது. காணவிரும்புவோர் படகேறி ஏரியைக் கடக்கவேண்டும்.

சீவேட் என்னும் துறைமுகத்தை அடுத்துள்ள எக்சிற் பனிக்கட்டியாற்றை நோக்கிச் செல்லும் வீதியோரத்திலே, சிறு பலகைகள் ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு மட்டும் எழுதப்பட்டிருக்கும். அவ்வாண்டிலே பனிக்கட்டியாற்றின் முனை அவ்விடத்திலே இருந்தது என்பது பொருள். 1815இல் அது இருந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேற் பின்வாங்கிவிட்டது. தொடக்கத்துப் பலகைகளைச் சூழ உயர்ந்த மரங்கள். போகப் போக மரம் புதராகி, புதர் பாசியாகி, பாசியும் அற்று வெறும் பாறையாகின்றது. பனி விலகிய நிலத்திலே உயிர்கள் எம்முறையிற் குடியேறுகின்றன என்பதை ஒருமணி நேர நடையிலே கற்கலாம். அதனினும் சிறந்த புவியியல் வகுப்பறையை நாம் கண்டதில்லை. பின்வந்த ஆண்டுகளின் பலகைகளுக்கிடையே நடக்கும்போது பிள்ளைகள் தாம் பிறந்த ஆண்டுகளைத் தேடினர். தம் குறுகிய வாழ்நாளுக்குள்ளேயே பனி எவ்வளவு தூரம் போயிற்று என்று எட்டடி வைத்து அளந்தனர்.

ஈற்றிலே பாறைமேல் நின்று எதிரே பார்த்தோம். நீல நிறப் பனிக்கட்டி. இறுகிய பனி ஒளியின் செந்நிறத்தை உட்கொண்டு நீலத்தை மட்டும் வெளிவிடுவதால் அந்நிறம். குளிர்ந்த காற்று முகத்தில் வீசிற்று. நீர் சொட்டும் ஒலி இடைவிடாது கேட்டது.

பனிக்கட்டியாறு தொலைநாட்டு வேடிக்கை, அதனால் எமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். நிலத்திலுள்ள பனி உருகிச் சேரும் இடம் கடல். கடல் எல்லார்க்கும் பொது. தாழ்ந்த கரைகளையும் தீவுகளையும் உடைய எம் வடபகுதிக்கு அக்கடலின் மட்டம் அற்ப விடயமன்று. கடல்நீர் உட்புகுந்தால் முதலில் உவராவது எம் கிணறுகளே. உவராகிய கிணற்றுக்குப் போன நன்னீர் எளிதில் மீள்வதில்லை.

ஆயினும் மனம் தளர வேண்டுவதில்லை. அழிந்ததென்று எண்ணிய காட்டெருமை, மனிதர் முயன்றதனால் இன்று வீதியை மறித்து நிற்கின்றது. உரிமை இழந்த தென் டச்சோன் மக்கள் தம் மலையைக் காக்கும் பொறுப்பிலே இடம்பெற்றுவிட்டனர். சினூக் மீனுக்காக இரு நாடுகள் தம் வலைகளைச் சுருட்டி வைத்துள்ளன. அவ்வேழாண்டு முடியும்போது, எம் தம்பி மகன் பல்கலைக்கழகம் புகும் வயதை எட்டியிருப்பான். அப்போது வைற்ஹோஸ் மீனேணியின் கண்ணாடிக்கு முன்னே மீண்டும் போய் நிற்பதாக அவன் எமக்கு வாக்களித்திருக்கின்றான்.